எடை போட்டாச்சா? ஈராசிரியர் பள்ளியில் ஆட்டிசம் உள்ள ஒரு மாணவனோடு ஓராண்டு

இது 2023–24 கல்வியாண்டில் நடந்தது. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நான் அங்கே இடைநிலை ஆசிரியர். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வகுப்பில் என்ன செய்யலாம் என்று தேடினால் தனி அறை, தனி ஆசிரியர், விலை கூடிய சாமான்கள் என்றுதான் வருகிறது. இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற பள்ளியில் அதையெல்லாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். எங்களிடம் இருந்ததை வைத்து என்ன செய்தோம், அதில் எவ்வளவு தப்பாகச் செய்தோம் என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பையனின் அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஊர் பேரு மட்டும் வேணாம் டீச்சர், மத்தத எழுதுங்க என்றார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பள்ளி தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 31 பிள்ளைகள். தலைமையாசிரியர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளை எடுக்கிறார். முதல் மூன்று வகுப்பும் என்னிடம், ஒரே அறையில், 19 பேர். அவர் அறை கான்கிரீட் தளம், என் அறை தகரக் கூரை. தகரக் கூரைக்குக் கீழே மழையில் பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும், தொண்டை கிழியக் கத்தினாலும் முன்னால் உட்கார்ந்திருக்கிற நாலு பேருக்குத்தான் கேட்கும். இந்தக் கூரை விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாலு மாதம் எனக்கே இது சொல்ல வேண்டிய விஷயமாகப் படவில்லை.

பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வேறொரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்துவிட்டு ஜூனில் எங்களிடம் வந்தான். அம்மா இலை பறிக்கப் போகிறார். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் பெரும்பாலும் இரவு வேலை. வீட்டில் பார்த்துக்கொள்வது அப்பாயி. சேர்க்க வந்த அன்று அம்மா சொன்னது இவ்வளவுதான்: "பேச்சு கொஞ்சம் லேட்டு டீச்சர். மத்தபடி எல்லாம் நல்லாப் புரியும்." எங்கேயோ ஒரு டாக்டர், ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கையில் வேறு எந்தக் காகிதமும் இல்லை.

எழுத்துக்கூட்டி வாசிப்பான். எண்கள் என்றால் உயிர். அம்மாவின் இலை எடைச் சீட்டை வாங்கி, அந்த வாரத்துக் கிலோ எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பான். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது, பாட்டிலை என் மடியில் கொண்டுவந்து வைப்பான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை

முதல் வாரத்திலேயே கவனித்தவை சில. கையில் கம்பளிக் குல்லாவை வைத்துக்கொண்டே இருப்பான், திடீரென்று தலையில் மாட்டிக் காது மூடும்வரை இழுத்துவிடுவான். மலையில் எல்லாப் பிள்ளைக்கும் குல்லா உண்டு, வகுப்புக்குள் வந்ததும் கழற்ற வேண்டும் என்பது என் பழைய விதி. அவனையும் கழற்ற வைத்தேன். மாட்டுவான், கழற்றுவேன், மறுபடியும் மாட்டுவான். ஒரு நாளைக்கு இது எத்தனை தடவை நடந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம்) வகுப்பு என்றால் பாட்டும் கைதட்டலும் ஆட்டமுமாக இருக்கும். கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைத்து மூன்று பக்கமும் வேலை நடக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது நல்ல முறைதான், நானே விரும்பி எடுக்கிறேன். இவன் கைதட்டல் தொடங்கியதும் மேசைக்கு அடியில் போய்விடுவான். எங்கள் மணி தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு, அதை இரும்புக் கம்பியால் அடித்தால் எதிர் மலைக்குக் கேட்கும். அது அடிக்கும்போது மணிக்கட்டைக் கடிப்பான், சில நாள் ரத்தம் கட்டும்.

அப்புறம் பேச்சு. "எடை போட்டாச்சா? எடை போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். கணக்குப் பாடத்தில், வழிபாட்டில், சாப்பாட்டு வரிசையில், எங்கேயும் அதேதான். பிள்ளைகள் அதையே சொல்லி அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் என் குறிப்பேட்டில் "சம்பந்தமில்லாமல் பேசுகிறான், சொன்னதையே சொல்கிறான்" என்று எழுதினேன். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. விடிந்ததும் அம்மாமார்கள் மலைக்கு ஏறிவிடுகிற ஊரில் அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லத் தேவையில்லை. இவனுக்கு மட்டும் உலகம் தலைகீழாகிவிட்டது. வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு நேராக வழிபாட்டுக்கு வந்து நிற்பவன், இப்போது அதற்கு முன்னாலேயே வந்து பாத்திரச் சத்தத்துக்கும் கிச்சடி வாசனைக்கும் நடுவில் உட்கார வேண்டும். இப்படி மாறப் போகிறது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த இரண்டு வாரம் தினமும் அழுகை, தட்டு வீச்சு.

இந்த நாலு மாதத்தில் நான் செய்தவை: "டீச்சரப் பாத்துச் சொல்லு" என்று முகத்தைத் திருப்பியது, நல்லபடியாக இருந்தால் ஸ்டார், இல்லையென்றால் ஒட்டிய ஸ்டாரைப் பிய்ப்பது (பிய்த்த அன்று முழு நாளும் போனது), அம்மாவை வரச்சொல்லி வகுப்பில் உட்காரவைத்தது. மூன்று நாள் வந்தார், மூன்று நாள் கூலி போயிற்று. நாலாவது நாள் அவர் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டம்பரில் எச்.எம். சார், மதியம் சாப்பிட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் நிலைமையைப் பார்த்துச் சொன்னார். நானும் சரி என்றேன். அப்பாயி மேட்டிலிருந்து இறங்கி வந்து கூட்டிப்போவார். அவருக்கு முழங்கால் வலி, வலி கூடுகிற அன்று வரமாட்டார், அன்று நாலு மணி வரை இருப்பான். அதாவது சில நாள் பாதி, சில நாள் முழுசு, எந்த நாள் எது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

அக்டோபர்: பையன் ஓடிப்போன நாள்

அக்டோபர் கடைசி வாரம், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு அதுதான் பெரிய மழை. அன்று இடைவேளை முடிந்து பிள்ளைகள் உட்காரும்போதே தகரத்தில் இரைச்சல். நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கைப் போர்டில் போட்டுக்கொண்டிருந்தேன். இவன் என் சேலையைப் பிடித்து இழுத்து "எடை போட்டாச்சா" என்றான். பேசாமல் உட்கார் என்றேன். மறுபடி கேட்டான். இந்தத் தடவை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆளில்லை. செருப்பு வாசலில் கிடக்கிறது. வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. பள்ளிக்குக் கீழே இருக்கிற தேயிலையில் அதற்கு முந்தின வாரம்தான் காட்டுமாடு இரண்டு நின்றது. எச்.எம். சார் மேல் ரோட்டுக்கு ஓடினார், சத்துணவு அக்கா ஓடைப் பக்கம் போனார், நான் வகுப்பை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் விட்டுவிட்டுத் தேயிலைக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். பெயர் சொன்னால் அவன் பதில் சொல்ல மாட்டான் என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரு மேஸ்திரியின் போன் வந்தது. பையன் இலை எடை போடுகிற கொட்டகையில் இருக்கிறான் என்றார். போய்ப் பார்த்தால் தராசுக்குப் பக்கத்தில் சாக்கு மேல் உட்கார்ந்திருக்கிறான், நனைந்த குல்லா காதுக்குக் கீழே வரை இழுத்துவிட்டபடி. கொட்டகையில் அந்த நேரத்தில் எடை எதுவும் நடக்கவில்லை. "எடை போட்டாச்சா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குள் அப்பாயி வந்துவிட்டார். என்னை அவர் திட்டவில்லை. "எங்க போவான் டீச்சர், இங்கதான் வருவான்" என்றார். மூன்று வயதிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தக் கொட்டகையில்தான் அவனை வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். கடைசி எடை முடிந்து சீட்டில் எழுதினால்தான் அம்மா கிளம்ப முடியும். அதுவரை அவனைச் சமாளிக்க முடியாது. "எடை போட்டாச்சான்னு கேப்பான். போட்டாச்சு சாமின்னு சொன்னா அவங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடப்பான். பேச்சு வந்ததே அந்த வார்த்தையிலதான்."

அவன் இலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. இது எப்போது முடியும், நான் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறான். ஜூனிலிருந்து தினமும் கேட்டிருக்கிறான்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். தமிழ்ப் பாடத்தின் நடுவில் கேட்டபோது, "இன்னும் போடல. இந்தப் பக்கம் முடிஞ்சா போட்டாச்சு" என்று பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினேன். விரலைப் பார்த்தான், பக்கத்தைப் பார்த்தான், உட்கார்ந்தான். மாயம் என்று நினைக்க வேண்டாம், அன்று மதியமே ஒரு பெரிய அழுகை வந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு இந்தப் பள்ளியில் பதில் வந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரக் குறிப்பு

வட்டார வளமையத்திலிருந்து வருகிற, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைப் பார்க்கிறார், எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை முறை வரும். நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது ஒரு நோட்டு. மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் நாங்கள் என்ன செய்தோம். காரணம் எதையும் எழுதாதீர்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றார். பத்துப் பள்ளி நாட்கள் எழுதினேன். 22 பதிவுகள்.

உட்கார்ந்து பிரித்தபோது ஒன்பது சத்தத்தால் வந்தவை: மழை, மணி, கைதட்டல். எட்டு, எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருந்தபோது வந்தவை: தட்டு வாங்கும் வரிசை, நான் வேறு குழுவோடு இருக்கும் நேரம், அப்பாயி வருவாரா என்று தெரியாத மதியம். இரண்டு கழிப்பறை அவசரம். மூன்றுக்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. அடம் என்று ஒன்றுகூட இல்லை. அடம்பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். இவன் யாரையும் பார்ப்பதில்லை, எதைக் கொடுத்தாலும் நிற்பதில்லை, தானாக அடங்க வேண்டும்.

நான் கவனிக்காத விஷயம் மூன்றாவது பத்தியில் இருந்தது. 22-இல் 14 தடவை "பின்னால்" என்ற இடத்தில் வெளியே உட்காரவைத்தேன் அல்லது சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறேன். பயிற்றுநர் அதைப் பென்சிலால் சுழித்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு வேண்டியது ஒரு முடிவு மேடம். இப்படிச் செஞ்சாத்தான் முடிவு வரும்னு நாமளே கத்துக்குடுத்திருக்கோம்."

கேட்ட சொற்றொடரை அப்படியே திரும்பச் சொல்வதை எக்கோலேலியா என்கிறார்கள் என்றும், அது வெறும் கிளிப்பேச்சு இல்லை, பெரும்பாலும் அதற்குள் ஒரு கோரிக்கையோ பதிலோ இருக்கும் என்று அமெரிக்கப் பேச்சு மொழி ஆய்வாளர் பேரி பிரைசன்ட் 1980-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார் என்றும் பயிற்றுநர்தான் சொன்னார். நாற்பது வருடம் கழித்து நான் சேலையை இழுத்தவனை உட்கார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் குல்லா. அன்றே விதியை எடுத்துவிட்டேன், எல்லாருக்கும். அவன் காதை மூட ஒரு வழியைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தான், அதை நாளெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தது நான்தான்.

அடுத்து அறை. கான்கிரீட் அறையை எனக்குக் கொடுங்கள் என்று எச்.எம். சாரிடம் கேட்டேன். அங்கேதான் பீரோ, பதிவேடுகள், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கின்றன, தகர அறை ஒழுகும் வேறு, பதிவேடு நனைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தயங்கினார், நியாயம்தான். பத்து நாள் பேசி, பதிவேடுகளைச் சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோருக்கு மாற்றி, நவம்பர் நடுவில் அறை மாறினோம். மொத்தத்தில் அதிகப் பலன் தந்தது இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன், செலவு பூஜ்யம். சொல்லப்போனால் மற்ற 18 பேருக்கும் அன்றிலிருந்துதான் மழைநாளில் பாடம் காதில் விழுந்தது.

மணியை நிறுத்த முடியாது. அடிக்கிற வேலையை அவனிடமே கொடுத்துப் பார்க்கலாம் என்றார் சத்துணவு அக்கா. நான் நம்பவில்லை. குல்லாவோடு போய் அவனே அடித்தான், மணிக்கட்டைக் கடிக்கவில்லை. எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் வேறு, திடீரென்று வருகிற சத்தம் வேறு போலிருக்கிறது.

பாதி நாள் ஏற்பாட்டை நிறுத்தினோம். இது எச்.எம். சாருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பயம்தான். ஆனால் முடிவு எப்போது என்று தெரியாததுதான் பிரச்சினை என்று கண்டுபிடித்துவிட்டு, ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில் வீட்டுக்கு அனுப்புவதில் அர்த்தம் இல்லை. கூடவே இன்னொன்றும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வழிசெய்வது பள்ளியின் கடமை என்று அது சொல்கிறது. என் வசதிக்கு நான் அவனுடைய மதியங்களை வெட்டியிருந்தேன்.

கடைசியாக அட்டைகள். எரிக் ஷோப்லர் என்பவர் 1972-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மாநிலம் முழுவதற்கும் என்று தொடங்கிய டீச் (TEACCH) என்ற ஆட்டிசப் பயிற்சி முறையில் பிள்ளைக்கு நாலு கேள்விக்குக் கண்ணால் பார்க்கிற பதில் இருக்க வேண்டும் என்பார்களாம்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், முடிந்ததும் என்ன. பயிற்றுநர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, இவன் அந்த நாலில் மூன்றாவதை ஒரே வாக்கியத்தில் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எட்டு அட்டை செய்தோம்: காலை உணவு, வழிபாடு, தமிழ், இடைவேளை, கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. படம் என் கைவண்ணம், விளையாட்டுப் படத்தில் இருப்பது பந்தா தக்காளியா என்று பிள்ளைகள் கேட்டார்கள். சுவரில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் வரிசையாக மாட்டினோம். முடிந்த அட்டையைப் போட ஒரு பெட்டி வைக்கச் சொன்னார் பயிற்றுநர். நான் பெட்டிக்குப் பதிலாகக் கணித உபகரணப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் தராசை எடுத்து வைத்தேன்.

முதல் நாள் அட்டையைத் தட்டில் போட்டான், தட்டு இறங்கவில்லை. லேசான அட்டை, என்ன செய்யும். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான், முகம் மாறியது, அழுகை வரும் என்று தெரிந்துவிட்டது. அவசரமாக ஒரு ரூபாய் நாணயத்தை அட்டைக்குப் பின்னால் செலோடேப்பில் ஒட்டிக் கொடுத்தேன். இறங்கியது. "எடை போட்டாச்சு" என்றான். கேள்வியாக இல்லாமல் அந்த வாக்கியத்தை அவன் வாயிலிருந்து அப்போதுதான் கேட்டேன். அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், எதிர்த் தட்டில் எட்டு நாணய அட்டை வைத்துவிட்டால் வீடு அட்டை போடும்போதுதானே டீச்சர் சமமாகும் என்றான். அப்படியே வைத்தோம். அன்றிலிருந்து நாள் முடிவதைத் தராசில் பார்க்கலாம் என்றாயிற்று.

இதோடு ஒரு சிவப்பு அட்டையும் கொடுத்தோம், அதில் "போதும்" என்று எழுதியிருக்கும். அதை என்னிடம் நீட்டினால் கேள்வி கேட்காமல் ஸ்டோருக்குப் பக்கத்துப் படியில் ஐந்து நிமிடம் உட்காரலாம். ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை நீட்டினான். இது ஏமாற்று வேலை என்று எச்.எம். சார் நினைத்தார், எனக்கும் சந்தேகம் வந்தது. பயிற்றுநர் பொறுங்கள் என்றார். நீட்டினால் நடக்கிறது என்று நம்பிக்கை வந்ததும் எண்ணிக்கை தானாகக் குறைந்தது, ஜனவரியில் இரண்டு மூன்றுதான்.

பிள்ளைகளிடம் ஆட்டிசம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவன் காதில் மழை நமக்குக் கேட்பதைவிடப் பெரிதாகக் கேட்கும், அவன் கேட்கிற கேள்விக்கு இதுதான் அர்த்தம் என்று மட்டும் சொன்னேன். பட்டப்பெயர் ஒரே நாளில் போய்விடவில்லை, ஆனால் மேகம் கறுத்தால் "டேய் குல்லா போடு" என்று குரல் கொடுக்கிற வழக்கம் அவர்களாகவே கொண்டுவந்தது.

சான்றிதழ்

ஆட்டிசம் என்ற சொல்லை அம்மா முதலில் கேட்டது மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மருத்துவ முகாமில், ஜனவரியில். 40 கேள்விகள் உள்ள இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "நான் இலைக்குப் போனதாலயா டீச்சர்?" இல்லை என்று சொன்னேன், தாயின் வளர்ப்பால் வருவது இல்லை, பிறவியிலேயே மூளை வளர்கிற விதத்தில் இருக்கிற வித்தியாசம் என்று எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னேன். அதை அவர் அன்று நம்பினாரா என்று தெரியவில்லை, பிறகு இரண்டு தடவை அதே கேள்வியைக் கேட்டார்.

சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் ஊட்டி போய்வர வேண்டும். 30 கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. முதல் தடவை காத்திருக்கிற கூடத்துச் சத்தத்தில் பையன் தாங்காமல் பாதியில் திரும்பினார்கள். இரண்டாம் தடவைக்கு நாலு அட்டையும் கயிறும் கொடுத்தனுப்பினேன்: பஸ், டாக்டர், டீ, வீடு. வேலை முடிந்தது. டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு வந்ததாக அப்பா சொன்னார்.

சரிவராதவை

அப்பா ஃபேக்டரியிலிருந்து காதடைப்பு ஒன்று வாங்கி வந்தார், இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மாட்டுவது. அவன் தலைக்குப் பெரிது, நழுவி நழுவி விழுந்தது, அதுவே ஒரு தொந்தரவு. குல்லாவுக்கே திரும்பினோம்.

மழை விடுமுறை எங்களை ரொம்பப் படுத்தியது. செய்தி காலையில்தான் வரும், சீருடை போட்டுக் கிளம்பி நிற்பவனிடம் பள்ளி இல்லை என்றால் அன்று வீடு ரணகளம். பள்ளிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட அட்டை ஒன்று வீட்டில் வைத்தோம். பாதி நாள் உதவியது, பாதி நாள் அட்டையையே கிழித்தான்.

நான் பயிற்சிக்குப் போகிற நாட்களும் அப்படித்தான். எச்.எம். சார் போட்டோவை ஒட்டிய அட்டையை முந்தின நாள் மாலையே காட்டினால் ஓரளவு சரி. காட்ட மறந்த ஒரு நாள், ஜன்னல் கண்ணாடி ஒன்று போயிற்று.

பிப்ரவரிக்குப் பிறகு

பிப்ரவரியில் மறுபடி பத்து நாள் அதே மூன்று பத்தி நோட்டு எழுதினேன். ஆறு பதிவுகள், அதில் நாலு ஆண்டுவிழா ஒத்திகையின்போது, மைக் சத்தம். மழைக்காலம் முடிந்துவிட்டதால் எண்ணிக்கை குறைந்ததில் ஒரு பங்கு வானிலைக்கும் உண்டு, முழுப் பெருமையையும் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

படிப்பில் கணக்கு மட்டும் மலர் நிலைக்குப் போய்விட்டான், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டலைத் திருத்துகிறான், கேட்காமலேயே திருத்துகிறான், அதில் சண்டையும் வந்தது. தமிழில் வாசிப்பான், கதையில் யார் என்ன செய்தார் என்று கேட்டால் பதில் வராது. குழு விளையாட்டில் சேருவதில்லை. ஓரத்தில் நின்று யார் எத்தனை ரன் என்று எண்ணுகிறான், அது அவனுக்குப் போதுமானதாக இருக்கிறது, இழுத்துவிடுவதை நிறுத்திவிட்டேன். ஓடிப்போவது அக்டோபருக்குப் பிறகு நடக்கவில்லை. மார்ச்சில் ஒரு நாள் சிவப்பு அட்டை கீழே விழுந்து கிடந்தபோது, என் முன்னால் வந்து நின்று "போதும் டீச்சர்" என்றான்.

திரும்பச் செய்வதாக இருந்தால்

ஜூன் முதல் வாரத்திலேயே வீட்டில் யார் அவனோடு அதிக நேரம் இருக்கிறார் என்று கேட்டு, அவரிடம் உட்கார்ந்து பேசுவேன். நாங்கள் அம்மாவை மூன்று நாள் கூலி இழக்க வைத்தோம், நுழைவாயில் வரை வந்துபோன அப்பாயியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்கிற சொற்களை ஒரு தாளில் எழுதி, இது எங்கே கேட்ட வார்த்தை என்று அவரிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மூன்று பத்தி நோட்டை ஆள் காணாமல் போன பிறகு ஆரம்பிக்க மாட்டேன். பாதி நாளுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன், அல்லது ஒப்புக்கொண்டால் தினமும் ஒரே நேரம், எழுதிவைத்த தேதி வரைக்கும் மட்டும். காலை உணவு மாதிரி ஒரு மாற்றம் வருகிறது என்று சுற்றறிக்கை வந்த அன்றே அவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். அறையை மாற்றக் கேட்பதற்கு நவம்பர் வரை காத்திருக்க மாட்டேன்.

இடமாறுதல் கலந்தாய்வில் என் பெயரும் இருக்கிறது. அடுத்து வருபவருக்காக இரண்டு பக்கம் எழுதி எச்.எம். சாரிடம் கொடுத்திருக்கிறேன்: குல்லா, மணி, மழைநாளில் எங்கே உட்காருவான், கழிப்பறைக்கு எப்போது நினைவூட்ட வேண்டும், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம். தராசின் எதிர்த் தட்டில் எட்டு நாணய அட்டை இருக்கிறதா என்று காலையில் எண்ணிப் பார்க்கவும், பிள்ளைகள் எடுத்து விளையாடுகிறார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.